உட்கார்ந்திருப்பவர்கள் ஆதரவு

மார்ச் 4

அன்புள்ள தூங்குமூஞ்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ நலமாக இருப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். சபையில் யாரோ ஒருவர் பேசிக்கொண்டிருக்க, அவருக்குப் பின்னால் நீ கன்னத்தில் கை வைத்துக் கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்தாய். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடக்கும்போதும் இப்படித்தான் யோசிப்பாய்.

போன் செய்தால் உன் உதவியாளர் எடுத்து, "ஐயா கூட்டத்துல இருக்காங்க, நீங்க எந்தத் தொகுதி?" என்று கேட்கிறார். உன்னைத் தூக்கி வளர்த்த தொகுதி என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் கடிதம்.

அத்தானுக்குக் கண்ணில் புரை கூடிவிட்டது. டிப்போவில் பஸ்ஸைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, வாசலில் ஒரு நாற்காலியைக் கொடுத்திருக்கிறார்கள். எந்த வண்டி எப்போது புறப்படும் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறார். சாயங்காலம் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தால் அவர் பேசுவதைக் கேட்க வேண்டும். தெருவிளக்கு ஒவ்வொன்றும் பூவாகப் பூத்திருக்கிறதாம். சிக்னலின் சிவப்பு, ஈரத் துணியில் சாயம் போல வானம் வரைக்கும் ஊறியிருக்கிறதாம். கடைசி பஸ் வரும்போது ஒரு வீடு விளக்கெல்லாம் ஏற்றிக்கொண்டு மிதந்து வருகிறது என்கிறார். "உனக்கு இதெல்லாம் தெரியலையா? பாவம்தான் நீ" என்று என்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார். சில சமயம் நானும் கண்ணைப் பாதி மூடிப் பார்க்கிறேன்.

சின்ன ஆபரேஷன், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்கிறார் டாக்டர். காப்பீட்டு அலுவலகம்தான் கண் இன்னும் கனியவில்லை என்கிறது. கை நீட்டும் தூரத்தில் காட்டும் விரலை எண்ண முடியாமல் போனால்தான் அனுமதியாம். நீங்கள் போட்ட சட்டம்தானே அது. கவுண்டரில் ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண் இருக்கிறாள். "இந்த விதியைப் போட்டவங்களுக்கும் இதேதானாம்மா?" என்று கேட்டேன். அவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, சட்டப் புத்தகத்தைத் திருப்பி ஒரு வரியைக் காட்டினாள். 'உறுப்பினர்களும் அவர்தம் குடும்பத்தினரும் நீங்கலாக' என்று போட்டிருந்தது. நல்ல தமிழ். அந்தக் குடும்பத்தில் அக்கா வரமாட்டாள் என்றும் அவளே சொன்னாள்.

உண்மைதானா? அதற்கு மட்டும் பதில் எழுது. முட்டி எப்படி இருக்கிறது? படி ஏறும்போது உறையைப் போட்டுக்கொள்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 19

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. உதவியாளரைக் கண்டித்துவிட்டேன். இனி உன் எண் வந்தால் தொகுதி கேட்க மாட்டார்.

அந்த வரி உண்மை. இன்னும் சரியாகச் சொன்னால், போன வாரம் வரைக்கும் உண்மை. அதன் பிறகு நடந்ததை நீ நம்பமாட்டாய். எங்களாலும் இன்னும் முடியவில்லை.

எங்கள் சபையில் வாக்கெடுப்புக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆதரிப்பவர்கள் உட்கார்ந்தபடியே இருக்கலாம். எதிர்ப்பவர்கள்தான் எழுந்து நிற்க வேண்டும். சபையை நிறுவியவர்கள் மனித இயல்பை நன்றாக அறிந்தவர்கள். ஆட்சியில் இருப்பவர்களுக்கு இதுவரை எந்தச் சிரமமும் வந்ததில்லை.

ஒற்றையார் என்று ஒருவர் இருக்கிறார். அவர் கட்சிக்கு அவர் ஒருவரே உறுப்பினர். தலைவரும் அவரே, அதிருப்தியாளரும் அவரே. அந்த 'நீங்கலாக' என்ற வரியை நீக்க வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் திருத்தம் கொண்டுவருவார். நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று தோற்கடிப்போம். உடம்புக்கும் நல்லது.

இந்த முறை அது சாப்பாட்டுக்குப் பிறகு வந்துவிட்டது. குளிர்சாதனத்தை அன்றுதான் பழுது பார்த்திருந்தார்கள். பச்சைத் திரைச்சீலைகள் வழியாக வெயில் தண்ணீர் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. ஒற்றையார் படித்துக்கொண்டே போனார். குளத்தடியில் உட்கார்ந்து, யாரோ கரையில் பேசுவதைக் கேட்பது போல இருந்தது. எனக்கு வலப்பக்கம் ஆளுங்கட்சி, எதிரே எதிர்க்கட்சி. அத்தனை தலைகளும் ஒரே தாளத்தில் மெல்ல ஏறி இறங்கின. நாட்டில் அப்படி ஓர் ஒற்றுமையை நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு என் கண்ணும் மூடிவிட்டது, எதையும் பார்க்கவில்லை. சபைத் தலைவர் பாதிக் கண்ணில், "உட்கார்ந்திருப்பவர்கள் ஆதரவு" என்றாராம். யாரும் எழுந்திருக்கவில்லை. மணி அடித்த சத்தத்தில்தான் விழித்தோம். ஒற்றையார் கண்ணாடியைக் கழற்றித் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆக, இப்போது எங்களுக்கும் அதே சட்டம்தான். நடைபாதையில் மூத்த அமைச்சர்கள் விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு 'முன்அனுமதி' என்றால் என்ன என்று காவலாளியிடம் கேட்கிறார்கள். என் முட்டிக்கு நாள் குறித்திருந்தது போய்விட்டது. 'உங்களால் மூன்று படி ஏற முடியுமா?' என்று கேட்டு எழுதியிருந்தார்கள். முடியும் என்று எழுதினேன். முட்டியும் கனியவில்லையாம்.

கவலைப்படாதே. அடுத்த மாதம் இதை ரத்து செய்யப் போகிறோம். அது முடிந்த கையோடு, அத்தானுக்காக நானே ஓர் இடத்துக்குப் போன் செய்கிறேன். வேலை நடக்கும்.

தங்கள் அன்புள்ள,
உறுப்பினர், சுகாதாரக் குழு


ஏப்ரல் 2

அன்புள்ள சுகாதாரக் குழுவுக்கு,

உன் கடிதத்தை அத்தானுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். தலைகள் ஏறி இறங்கிய இடத்தில் சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. "மாப்பிள்ளை வாழ்க்கையில ஒரு நல்ல சட்டம் போட்டிருக்கான், அதுவும் தூக்கத்துல" என்றார்.

அதே வாரம் கண் சோதனைக்குப் போனோம். டாக்டர் கையை நீட்டி எத்தனை விரல் என்றார். இவர் பட்டென்று மூன்று என்றார். சரி. மறுபடி காட்டினார். மறுபடியும் மூன்று. அதுவும் சரி. தகுதியில்லை என்று முத்திரை குத்திவிட்டார்கள். வெளியே வந்து, நிஜமாகவே தெரிந்ததா என்று கேட்டேன். "எங்க தெரிஞ்சுது. டாக்டருங்க எப்பவும் மூணுதான் காட்டுவாங்க" என்றார். டிரைவருக்கு வருஷா வருஷம் கண் சோதனை உண்டு. எண்ண முடியவில்லை என்று சொன்னால் வேலை போய்விடும் என்று வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரே பயம். தெரியவில்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் வாய் பழக்கத்தில் மூன்று என்றுவிட்டது. நான் ரோட்டிலேயே அவரைத் திட்டினேன். அவர் சிக்னலைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அன்று சாயங்காலம் எனக்கு டீ ஊற்றித் தருகிறேன் என்று கிளம்பினார். கோப்பை இருந்த இடம் அவருக்கு ஓரிடம், எனக்கு ஓரிடம். கொதிக்கக் கொதிக்க என் கையில் விழுந்தது. கொப்புளம் ஆறிக்கொண்டு வருகிறது, அது பெரிதில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் ஜன்னலோரம் உட்காருவதில்லை. விளக்குகளைப் பற்றிப் பேசுவதும் இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுகிறார். பஸ் சத்தம் கேட்டால் எந்த வண்டி என்று மட்டும் முணுமுணுக்கிறார்.

நீ போன் செய்கிறேன் என்றதை அவரிடம் சொன்னேன். வேண்டாம் என்றுவிட்டார். வரிசையில் நிற்கும் வண்டியை முந்தி ஒரு நாளும் ஓட்டியதில்லையாம், இனிமேல் எதற்கு என்கிறார். எனக்கும் ஆசைதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கவுண்டருக்கு முன்னால் இவரைப் போல எத்தனை பேர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள் தெரியுமா?

ஒன்று மட்டும் கேட்கிறேன். ரத்து செய்யும் அன்று நீ உட்காராதே. பேச வேண்டாம், கத்த வேண்டாம். எழுந்து நின்றால் போதும். நீங்களும் இந்த வரிசையில் கொஞ்ச நாள் நின்றால் வரிசை தானாக நகரும் என்று தோன்றுகிறது. எனக்குச் சட்டம் தெரியாது. வரிசை தெரியும்.

அக்கா


ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

கைக்கு மருந்து போடுகிறாயா? கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஆனால் நீ நினைப்பது போல் இது எளிது இல்லை.

நாளை மறுநாள் வாக்கெடுப்பு. அவசர ரத்து என்பதால் விவாதம் கிடையாது. அதற்கு விதி என்னவென்றால், ஒருவர்கூட எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் அடுத்த கூட்டத்தொடருக்குத் தள்ளிப்போய்விடும். அது மழைக்காலத்தில்தான். அதுவரை முந்நூறு பேரும் கவுண்டரில் நிற்க வேண்டியதுதான். அந்த முந்நூறு பேரும் அதற்கு யார் காரணம் என்று மறக்கமாட்டார்கள். ஒற்றையாருக்கு இப்போது மருத்துவமனையில் ஓய்வு, அவரும் வரமாட்டார். கொறடா ஒவ்வொருவர் அறைக்கும் வந்து நாற்காலி வசதியாக இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போகிறார். என்னிடம் மட்டும், "அண்ணே, உங்க முட்டிக்கு உட்கார்ந்திருக்கிறதுதான் நல்லது" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

ரத்தானால் எனக்கு அந்த வாரமே ஆபரேஷன். ரத்தாகவில்லை என்றால், அடுத்த தேர்தலில் எனக்கு இடமும் இருக்காது, முட்டியும் இருக்காது. நான் நின்று என்ன ஆகப்போகிறது என்று நீயே சொல்லேன்.

நேற்று ஒரு கனவு. சபை முழுவதும் ஒரு பஸ். அத்தான்தான் ஓட்டுகிறார். ஜன்னலுக்கு வெளியே நீ எழுதிய அந்தப் பூக்கள், விளக்குப் பூக்கள், சத்தமில்லாமல் பின்னால் போய்க்கொண்டிருக்கின்றன. உள்ளே எல்லோரும் தூங்குகிறோம். வண்டி எங்கும் நிற்கவே இல்லை. நிறுத்தம் எப்போது வரும் என்று கேட்டேன். அத்தான் திரும்பாமலே, "இறங்கணும்னா எழுந்திருக்கணும் மாப்பிள்ளை" என்றார். முட்டி வலியில் விழித்துவிட்டேன்.

தூங்குமூஞ்சி


ஜூன் 9

அன்புத் தம்பிக்கு,

இரண்டு கடிதம் போட்டும் உன்னிடமிருந்து பதில் இல்லை. கோபமா, வெட்கமா? தொலைக்காட்சியிலும் உன்னைக் காணோம். தூணுக்குப் பின்னால் கடைசி வரிசைக்கு மாற்றிவிட்டார்களாம், பேப்பரில் போட்டிருந்தது. தூங்குவதற்கு நல்ல இடம்தான்.

வாக்கெடுப்பு அன்று நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அந்தக் கடிதங்களில் இதை எழுதவில்லை, நீ எழுதுவாய் என்று இருந்தேன். சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த மனுஷனை வற்புறுத்திப் பெட்டிக்கு முன்னால் உட்கார வைத்தேன். அவருக்குச் சபை முழுவதும் ஒரே வெள்ளை மூட்டமாகத்தான் தெரிந்தது. நான் உன்னைத் தேடிக்கொண்டிருந்தேன். எங்கேயும் தெரியவில்லை. சரி, உட்கார்ந்துவிட்டான் என்று எழுந்து அடுப்படிக்குப் போனேன். அப்போது அவர், "மூட்டத்துல ஒரு துண்டு மட்டும் மேல வருது. கோணலா வருது. யாரது?" என்றார்.

ஓடி வந்து பார்த்தேன். மேசையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நீ நின்றாய். சபைத் தலைவர் உனக்கு நல்லது செய்யத்தான் பார்த்தார். "உறுப்பினருக்குக் கால் மரத்துப்போய்விட்டதா? உட்காரலாமே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுகூட நீ உட்கார்ந்திருக்கலாம்.

"மரத்துப்போகலைங்க. நல்லா வலிக்குது. நிக்கிறேன்" என்றாய்.

 நாற்காலியின் கைப்பிடியைத் தடவிப் பிடித்து அத்தானும் எழுந்தார். அடுத்த செய்தி வரும் வரை நின்றுகொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரிந்திருக்கும். உங்கள் நிதியமைச்சரே கண் சோதனைக்கு வந்தாராம். எண்ணுவது அவர் தொழில். அத்தனை விரலையும் சரியாக எண்ணிவிட்டார். தகுதியில்லை என்று அனுப்பிவிட்டார்கள். மறுவாரமே விரல் விதி போய்விட்டது. ஸ்வெட்டர் பெண் தானே போன் செய்து சொன்னாள். வரிசை நகர்கிறது. அத்தானுக்கு வருகிற திங்கட்கிழமை. இப்போது மறுபடியும் ஜன்னலோரம்தான் இருக்கிறார். பூக்களையெல்லாம் போவதற்கு முன்னால் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்கிறாராம்.

மூன்று படி விதி இன்னும் அப்படியே இருக்கிறது என்றும் அவள் சொன்னாள். அமைச்சர்களில் யாருக்கும் முட்டி வலி இல்லை போலிருக்கிறது. அதனால் நீ அங்கே தனியாக மாடிப்படி ஏறிக்கொண்டிருக்க வேண்டாம். இங்கே வந்து காத்திரு. கீழ் அறையில் இரண்டு கட்டில் போட்டிருக்கிறேன். ஒருவருக்குக் கண்ணில் கட்டு, ஒருவருக்கு முட்டியில் உறை. இரண்டு பேரையும் சேர்த்தால் எனக்கு ஒரு முழு ஆள் தேறும்.

திங்கட்கிழமைக்கு முன்னாலேயே பஸ்ஸில் வா. நம் ஊர் டிப்போவில் இறங்கி, வீட்டுக்கு எந்த வண்டி என்று வாசலில் கேள், தெரிந்த மனுஷன் சொல்லுவார். நம் தெருமுனை நிறுத்தத்தில் நிற்காமல் போகப் பார்ப்பார்கள். முன்கூட்டியே எழுந்து நின்றுகொள்.

அக்கா