நான் வெயிலில் போட்ட மரம்

அன்பு மகன் தாவோருக்கு, அம்மா எழுதுவது. அயர்லாந்து மழையில் நீயும் மருமகள் லுட்சியாவும் சளி, காய்ச்சல் ஒன்றும் அண்டாமல் இருக்கவேண்டும் என்று தினமும் மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனில் சொல்லலாமென்றால் உன் அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார், அதனால்தான் கடிதம். பன்றி நன்றாகக் கொழுத்திருக்கிறது, இந்த வருஷம் ப்ளம் கிளை முறியக் காய்த்தது, பக்கத்து வீட்டு இலியாவின் அண்டாவில்தான் சாராயம் காய்ச்சினோம். சரி, சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

நீ ஊரைவிட்டுப் போன வருஷம் ஸாவா ஆற்றின் அடியிலிருந்து அப்பாவும் இலியாவும் டிராக்டர் கட்டி இழுத்தார்களே, கரி மாதிரி கறுத்த ஓக் மரம், ஞாபகம் இருக்கிறதல்லவா? அடிப்பாகத்தில் உனக்கு ஒரு சாப்பாட்டு மேசை, வேர்ப்பக்கத்தில் வாய் பிளந்த பெரிய கெளுத்தி மீன் செதுக்குவது என்று அன்றைக்கே சுண்ணக்கட்டியால் கோடு போட்டு வைத்தார். எத்தனையோ ஆயிரம் வருஷம் தண்ணீருக்குள் கிடந்த மரம், அவசரப்பட்டால் வெடித்துவிடும் என்று இரண்டு முனைக்கும் மெழுகு பூசி, ஈரச்சாக்கு போர்த்தி, கொட்டகை ஜன்னலை ஒரு விரல் அகலம் மட்டும் திறந்து எட்டு வருஷம் காத்திருந்தார். நான் கதவைச் சரியாகச் சாத்தவில்லை என்றால்கூட வீடே அதிரக் கத்துவார், உனக்குத் தெரியாததா. ஜூலையில் உன் சித்திக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதால் நான் மூன்று நாள் அவள் வீட்டில் இருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் அந்த மரம் முற்றத்து நடுவில், கொதிக்கிற வெயிலில், முனையிலிருந்து முனைவரை பிளந்து கிடக்கிறது. என் கை முழுசாக உள்ளே போனது தாவோர். அப்பாதான் சாக்கை உருவிப் போட்டுவிட்டு, "மரத்துக்குக் கொஞ்சம் வெயில் வேணும், இழு" என்று இலியாவிடம் சொல்லியிருக்கிறார். அவனும் மரவேலை உஸ்தாதுக்குத் தெரியாததா என்று இழுத்துப் போட்டிருக்கிறான்.

அப்பா மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, "யாருடா இதைச் செஞ்சது, எந்தப் பாவி செஞ்சான்?" என்று கேட்டார். இலியா வாயைத் திறக்கப் போனான். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியதோ, "நான்தான். எலித் தொல்லை தாங்கல, ஊருக்குப் போறதுக்கு முன்னாடி கொட்டகையைச் சுத்தம் பண்ண வெளியே போடச் சொன்னேன்" என்று சொல்லிவிட்டேன். "அறிவு இருக்காடி உனக்கு, நாப்பது வருஷமா என்னோட இருந்து என்னத்தடி கத்துக்கிட்டே?" என்று கேட்டார் பார், ஐயோ, அப்படி ஒரு சொல் இதுவரை நான் அவரிடம் வாங்கியதில்லை. அப்புறம் டாக்டரிடம் அழைத்துப் போனோம். மறதி நோய், இனி கூடத்தான் செய்யும் என்றார். காப்பியில் உப்பு போடுகிறார், நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டாயா என்று கேட்கிறார், ஒருநாள் என்னைச் செத்துப்போன உன் அத்தை பெயரால் கூப்பிட்டார். ஆனால் இந்த ஒன்றை மட்டும் மறக்க மாட்டேன் என்கிறார். காலையில் எழுந்ததும், எட்டு வருஷ மரத்தை மூன்று நாளில் கெடுத்தாளே என்று ஆரம்பித்துவிடுகிறார். பாதிரியாரிடம் சொல்லியாகிவிட்டது, தபால்காரரிடமும் சொல்லியாகிவிட்டது. பூசை முடிந்து வெளியே வந்தால் பெண்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பார்க்கட்டும் என்று சொல்லிக்கொள்கிறேன், ஆனாலும் வலிக்கத்தான் செய்கிறது. நான் நீட்டுகிற தட்டை அவர் முகம் திருப்பிக்கொண்டு வாங்கும்போது ரொம்ப வலிக்கிறது.

போன வாரம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன். அன்றைக்கே அவர் அந்தப் பிளவுக்குப் பக்கத்தில் நின்று தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "யான்யா, நிஜத்தைச் சொல்லு, நான் இல்லையே?" என்று கேட்டார். நீங்கள் இல்லை, நான்தான் என்றேன். அப்பாடா என்று பெரிதாக மூச்சு விட்டார். அப்புறம் கோபம் வந்து திட்டினார். திட்டட்டும் தாவோர், மரத்தைத் தொட்டுத் தொட்டுத்தான் அவர் தன்னை இன்னார் என்று தெரிந்து வைத்திருக்கிறார், அதையும் நான் பிடுங்கவா?

சகல ஆத்துமாக்கள் திருநாளுக்கு நீ வரும்போது வாசலிலேயே உன்னிடம் புகார் சொல்வார். எனக்காகப் பரிந்து பேசாதே, என்னைப் பாவமாகவும் பார்க்காதே. பிறந்ததிலிருந்து நீ அம்மாவை ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. இந்த ஒரு தடவை அவர் காதுபட, "அம்மா, என்ன காரியம் செஞ்சே" என்று நன்றாகச் சத்தமாகத் திட்டு. நான் பதில் பேச மாட்டேன்.

மாதா உன்னையும் லுட்சியாவையும் கைவிடாமல் காக்கட்டும். கம்பளிச் சட்டை கொண்டுவர மறக்காதே, இப்போதே குளிர ஆரம்பித்துவிட்டது. படித்ததும் இதைக் கிழித்துப் போடு.

அம்மா யான்யா