வேனில் விருந்தில் பெருத்த மாப்பிள்ளையைக் காலால் நடத்தி அனுப்புமாறு

நீர் உயர்க. நெல் உயர்க. இரு கரையும் இடியாது நிற்க.

இருகரை நாட்டின் மூத்தகோ, வெள்ளம் கண்டு பின்வாங்காத குடியின் தலைவர், ஓடக்கோல் பொறித்த கொடியுடையார், கரைகாத்த பேரரையராகிய யாம், மஞ்சுமலை நாட்டை ஆள்பவரும், மேகம் தவழும் மாடத்தில் வீற்றிருப்பவரும், எம் குடிக்குப் பெண் கொடுத்த சம்பந்தியுமாகிய நெடுவரைச் சேந்தர் அவர்களுக்கு விடுக்கும் ஓலை. தங்கள் நாட்டில் அருவிகள் வற்றாதிருக்கவும், தேனடைகள் கனத்திருக்கவும், தங்கள் தேவியாரின் அடுக்களையில் நெருப்புச் சற்றே தணிந்திருக்கவும் வாழ்த்துகிறோம். கடைசியாகச் சொன்ன வாழ்த்து மரபில் இல்லாதது. அதை ஏன் சேர்த்தோம் என்பதே இவ்வோலையின் பொருள்.

தங்கள் ஓலை வந்து அவையில் படிக்கப்பட்டது. மாப்பிள்ளை மதிவேள் நலமென்றும், வந்தபோது இருந்த மேனி இப்போது இல்லையென்றும், தோள்வளையை அறுத்துப் பெருக்கவேண்டியதாயிற்றென்றும், முகம் நிறைமதியாகிவிட்டதென்றும் தாங்கள் மகிழ்ந்து எழுதுவித்திருந்ததைக் கேட்டு, எம் உரிமைக்குப் போட்டியாளராகிய கீழ்க்கரை வீட்டார் மேலாடையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர்கள் சிரித்த காரணத்தை மகள்கொடைப் பேச்சின்போதே தங்களுக்குச் சொன்னோம். பலாச்சுளைகளுக்கு நடுவே அது நினைவில் தங்கவில்லை போலும். மறுமுறை சொல்வதில் எமக்குக் குறைவில்லை.

இருகரை நாட்டில் ஆடிப் புதுவெள்ளம் இறங்கும் நாளில், அரசுரிமைக்குரியவன் தனியே ஓடத்தில் நின்று, கோல் ஊன்றி, எதிர்நீரை வென்று அக்கரை சேரவேண்டும். சேர்ந்தால் உரிமை அவனுடையது. ஓடத்தை நீர் அடித்துக்கொண்டு போனால், கீழ்க்கரை வீட்டார் மகன் கோலை எடுப்பான். உரிமையும் அந்தக் கோலோடு போகும். எம் வீட்டிலிருந்து அக்கோல் இதுவரை கைமாறியதில்லை. இவ்வாண்டு அதைப் பிடிக்கவேண்டியவன் மதிவேள். எம் தம்பியின் பேரன். ஆகவே எமக்கும் பேரன். நிறைமதியைப் பார்க்கப் புலவர்கள் மாடம் ஏறுவார்கள். எதிர்நீரில் அது ஓடம் தள்ளியதாக யாரும் பாடவில்லை.

இனி, தங்கள் பிழையின் வேரைச் சொல்கிறோம். வேனிலில் அவனைத் தங்களிடம் அனுப்பியபோது, கரை அடைக்கும் பணியில் அவன் இளைத்திருக்கிறான், இளைப்பைப் போக்கி அனுப்புக என்று எழுதுவித்தோம். எம் நாட்டில் இளைப்பு என்றால் களைப்பு. தங்கள் அவையிலோ இளைப்பு என்றால் மெலிவு என்று பொருள் கண்டார்களாம். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதை அறியாதவர்களல்லர் தங்கள் புலவர்கள். இருந்தும் நெய் மணக்கும் பொருளையே அவர்கள் எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. அதே பந்தியில் அவர்களும் உண்டிருப்பார்கள்.

எம் தூதர் பெரும்பூதனார் மாங்கூடையோடு தங்கள் அரண்மனைக்கு வந்தது மாங்கனி தருவதற்கு மட்டும் அன்று. அவர் கண்டதையும், மதிவேள் அவரிடம் மனம் திறந்து சொன்னதையும் கீழே எழுதுவிக்கிறோம். தங்கள் நாட்டாரின் பேச்சை எம் எழுத்தர் திருத்தவில்லை, திருத்தினால் நம்பமாட்டீர்கள்.

மலைக்கு வந்த மறுநாள், மதிவேள் பழக்கம் விடாமல் சூரியனுக்கு முன்னே எழுந்தான். குளிர்காற்று முகத்தில் பட்டதும் அவன் கால்கள் தாமாகவே ஓடைப் பக்கம் திரும்பின. ஓடை வரைக்கும் ஒரு ஓட்டம், நீரில் ஒரு முழுக்கு, திரும்பி வந்து பசியோடு உண்பது என்று எண்ணிக்கொண்டு வாயிலுக்கு வந்தான். வாயிற்காவலன் குறுக்கே கோலை நீட்டினான்.

"எங்க சாமி கெளம்பிட்டீங்க?"

ஓடைக்கு என்றான் மதிவேள்.

"நடந்தா? மாப்பிள்ளை காலால நடந்து போனாரு, அதை இந்தக் காவக்காரன் பாத்துக்கிட்டு நின்னான்னு ஊரு என்னைக் காறித் துப்பும் சாமி. உக்காருங்க. பல்லக்கு வரும்."

மதிவேள் உட்கார்ந்தான். எம் குடியில் பிறந்தவன் அங்கே உட்கார்ந்தது அவன் முதல் பிழை. பல்லக்கு வந்தது. ஓடையும் வந்தது. முழுகப் போனவனின் தலையில் வெந்நீர் ஊற்றினார்கள்.

உணவைப் பற்றிச் சொல்ல எமக்கு நாணமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லவேண்டும். தேனும் தினைமாவும் முடிந்தால் பலா. பலா முடிந்தால் நெய்யில் மிதக்கும் கிழங்கு. அது முடிந்தால் தங்கள் தேவியார் தாமே வந்து நின்று பரிமாறும் சோறு. போதும் என்று அவன் இலையைக் கையால் மறைத்தபோது தேவியார் சொன்ன சொல்லும் எமக்கு வந்து சேர்ந்தது. "கையை எடுங்க மாப்பிள்ளை. எங்க வீட்டுச் சோறு எறங்கலைன்னா சொல்லிடுங்க, வேற சமைக்கச் சொல்றேன்." அந்தச் சொல்லுக்குப் பிறகு எந்த மாப்பிள்ளையால் கையை எடுக்காமல் இருக்க முடியும்? எதிர்நீரில் நிற்கத் தெரிந்தவனுக்கு மாமியார் முன்னே நிற்கத் தெரியவில்லை. அதையும் கற்பித்து அனுப்பியிருக்கவேண்டும் போலும்.

இவை வயிற்றின் கதை. வயிறு போனால் வரும், வந்தால் போகும். தங்கள் பணிப்பெண்கள் அவன் உள்ளங்கைகளுக்குச் செய்ததையோ எம்மால் பொறுக்க இயலவில்லை. ஓடக்கோல் பிடித்து ஆண்டாண்டாக ஏறிய காய்ப்பை, ஏதோ நோயென்று எண்ணி, நாள்தோறும் எண்ணெயில் ஊறவைத்துக் கல்லால் தேய்த்து எடுத்துவிட்டார்களாம். "எங்க இளவரசி கையை இந்தக் கையாலயா புடிக்கிறது, கீறிப்புடாது?" என்று ஒருத்தி கேலி செய்ய, மற்றவள் சந்தனம் தடவினாளாம். எம் வீட்டில் மணம் பேச வருகிறவர்கள் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கையைத் திருப்பிப் பார்ப்பார்கள். தாங்களும் பார்த்தீர்கள், பார்த்துத்தான் பெண் கொடுத்தீர்கள். கொடுத்தபின் அதையே தேய்த்துக் கழுவினீர்கள்.

அருவி காணவும் அவனைச் சுமந்துதான் போனார்கள். திரும்பும் வழியில் தூதர் பின்னால் நடந்துவர, பல்லக்குச் சுமப்போர் தமக்குள் பேசியது அவர் காதில் விழுந்தது. "ஏறும்போது மலை கனக்குது, எறங்கும்போது மாப்பிள்ளை கனக்குறாரு" என்றான் ஒருவன். "மெதுவாச் சொல்லுடா, கேட்டுட்டு எறங்கி நடந்துறப் போறாரு" என்றான் மற்றவன். முதலாமவன் சொன்னான்: "அந்த அதிர்ஷ்டம் நமக்கேது." திரைக்கு உள்ளே இருந்த மதிவேள் அதைக் கேட்டான். இறங்க வேண்டுமென்று அவன் உடம்பெல்லாம் சொல்லியது. இறங்கினால் சுமப்போருக்குத் தண்டனை வரும் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு உறங்குவதுபோல் கிடந்தான்.

அவனுக்கு வழி சொன்னவள் தங்கள் மகள் வேண்மாள். மாப்பிள்ளை நடந்தால் வீட்டு மானம் போகும். ஆனால் சாமிக்கு நேர்ந்துகொண்டு நடந்தால் எவர் தடுப்பார்? மலைமுடியில் இருக்கும் வேலன் கோயிலுக்கு வெறுங்காலோடு நாளும் ஏறுவதாகவும், அந்த விரதம் முடியும்வரை நெய்யும் தேனும் தொடுவதில்லையென்றும் அவனை நேர்ந்துகொள்ளச் செய்தாள். பெண்ணின் அறிவை மெச்சுகிறோம். அது எந்தப் பக்கத்திலிருந்து அவளுக்கு வந்தது என்பது எமக்கு விளங்கவில்லை.

ஏனெனில் அதற்குத் தாங்கள் செய்த மாற்று உலகம் கேளாதது. மாப்பிள்ளையின் கால் நோகக்கூடாது, சாமியின் கடனும் நிற்கக்கூடாது என்று, அவனுக்குப் பதிலாகக் காவற்படையாள் ஒருவனை நாளும் மலையேற விட்டீர்கள். விரதச் சோற்றையும் அவனுக்கே கொடுத்தீர்கள். இப்போது அந்த ஆள் மான்போல் தாவுகிறானாம், கைகால்கள் இரும்பாகிவிட்டனவாம். புதுவெள்ளத்தன்று அவனையே ஓடத்தில் ஏற்றலாம் என்று தங்கள் அமைச்சர் சொல்லக்கூடும். சொன்னால் அவருக்கும் சேர்த்து ஒரு மாற்றாளைத் தேடி வையுங்கள். அவரிடம் நாம் பேசவேண்டியிருக்கும்.

தூதர் புறப்படும் நாளில், மதிவேள் அவரை அரண்மனைத் தாமரைக் குளத்துக்கு அழைத்துப் போனான். அங்கே பெண்கள் விளையாடும் தெப்பம் ஒன்று கிடந்தது. மூங்கில் ஒன்றை எடுத்துக்கொண்டு அதில் ஏறி நின்றான். அலையில்லாத நீர், குழந்தையும் தள்ளலாம். கோலை ஊன்றினான். தெப்பம் நின்ற இடத்திலேயே சுற்றியது. மறுபடியும் ஊன்றினான், மூச்சு இரைத்தது, இடுப்பு வளையவில்லை, தெப்பம் மறுபக்கமாகச் சுற்றியது. கரையில் நின்ற பணியாளர்கள் மாப்பிள்ளை வேடிக்கை காட்டுகிறார் என்று எண்ணிக் கைதட்டினார்கள். இளவரசி வேண்மாள் மட்டும் தட்டவில்லை.

கரையேறி வந்து அவன் கையை விரித்துப் பார்த்தான். மெத்தென்ற உள்ளங்கையில் தோல் எழும்பி நீர் கோத்திருந்தது. பிறகு அவன் தூதரிடம் சொன்ன சொற்கள் இவை: "பெரிய பாட்டனார்கிட்ட மறைக்காமச் சொல்லுங்க. போறேன்னு நான் சொன்னா, இன்னும் ஒரு வாரம் இருங்கன்னு சொல்றாங்க. போதும்னு சொன்னா, எங்க மேல என்ன கோவம்னு கேக்குறாங்க. இங்க யாரும் எனக்குப் பகை இல்லை. பகையா இருந்தா எப்பவோ தப்பிச்சிருப்பேன்."

அன்பினால் செய்தோம் என்பீர்கள். ஆனையையும் அன்பினால்தான் கட்டி வளர்க்கிறார்கள். ஆனால் பாகன் அதை நாள்தோறும் நடத்துகிறான். நடவாத ஆனைக்கு முதலில் நகமும் பிறகு காலும் அழுகும் என்பது பாகனுக்குத் தெரியும். எம் குடியிலும் வேனிலுக்கு ஊர்விட்டு ஊர் போவதுண்டு. போன இடத்திலும் காலையில் வியர்க்காமல் எவரும் சோற்றில் கைவைத்ததில்லை. மாடு மேய்ப்பவனோடு மேடு ஏறுவோம்; பொழுது போகாவிட்டால் கிணற்றில் நீர் இறைப்போம். அதனால் விருந்து தந்த வீட்டாரின் மானம் போனதில்லை. அவர்கள் கிணறுதான் சற்றுக் குறைந்தது.

ஆகவே எம் கட்டளையைக் கேட்டருள்க. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது தங்கள் நாட்டிலும் வழங்கும் சொல். அந்த அளவு கடந்து மாதங்களாயின. இவ்வோலை தங்கள் அவையில் படிக்கப்பட்ட நொடி முதல் மதிவேள் தங்கள் விருந்தினன் அல்லன். அவனை எம் ஓலைக்காரனாக நியமித்திருக்கிறோம். இதற்குத் தாங்கள் விடுக்கும் மறுமொழியை அவனே சுமந்து வரவேண்டும். ஓலைக்காரன் நடப்பதால் எந்த வீட்டுக்கும் இழுக்கில்லை. ஓலைக்காரனுக்குப் பல்லக்கு அனுப்பிய மன்னரை ஊர் சிரிக்கும். இதைத் தங்கள் வாயிற்காவலனுக்கும் விளக்கிச் சொல்லவும்.

வழியில் ஓலைக்காரர் உண்பதையே அவனும் உண்பான். மோரும் பழைய சோறும் சுட்ட கிழங்கும் எங்கும் கிடைக்கும். தேவியார் கட்டுச்சோறு கட்டித் தந்தே தீருவேன் என்றால் தரட்டும். ஒரு வேளைக்கு மட்டும். கைக்கு ஒரு மூங்கிற்கோல் வெட்டிக் கொடுக்கவும். அதன் கணுக்களைச் சீவவேண்டா. வேண்மாள் உடன் வர விரும்பினால் வரலாம். தங்கள் மகள் மலைவழியில் அவனைவிட விரைந்து நடக்கிறாள் என்று தூதர் சொன்னார். அவள் முன்னே நடக்கட்டும். அதைவிட நல்ல சாட்டை எம்மிடம் இல்லை. பல்லக்கில் வந்து சேரும் மறுமொழி எதுவாயினும், அது கட்டு அவிழ்க்கப்படாமலே திரும்பும்.

புதுவெள்ளத்துக்கு இன்னும் சிறிது காலம் இருக்கிறது. காய்ப்பு மறுபடி ஏறுமா என்று கீழ்க்கரை வீட்டார் பந்தயம் கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். கட்டட்டும்.

கடைசியாக ஒன்று. இரு நாட்டுக்கும் எல்லையாகிய ஆற்றில், தங்கள் பக்கத்துத் துறையில் இருந்த எம் ஓடக்காரனை வேறு துறைக்கு மாற்றிவிட்டோம். ஓடம் கட்டியிருக்கும். கோல் அதனுள் கிடக்கும். எதிர்க்கரையில் ஆளனுப்பி நிறுத்தமாட்டோம், நாமே நிற்போம்.

படித்தவர் வாயும் கேட்டவர் செவியும் இதற்குச் சான்று. சொல் நீரில் எழுதியதன்று; ஓலையில் கீறியது. ஓடமும் கோலும் பொறித்த இலச்சினை இடப்பட்டது.

கரைகாத்த பேரரையர் கட்டளை.