செப்டெம்பர் என்று சொன்னது நான்தான்

என் ஒரே அக்காவுக்கு,

நேற்றுக் காலை கப்பல் கம்பெனியிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். பிரான்சின் போர்தோ ஆற்றுப் பயணத்துக்கு இன்னும் மூன்று கிழமைதான் இருக்கிறதாம். "இரண்டு பேருக்கும் சைவச் சாப்பாடுதானே?" என்று கேட்டாள். என் அக்கா ஜூலையில் இறந்துவிட்டார் என்று சொன்னேன். இந்தப் பயணத்தைப் பற்றி நான் வாய் திறந்து சொன்ன முதல் உண்மை அதுதான் அக்கா.

வைன் வாயில் வைக்காத மனுசி ஏன் வைன் விளைகிற ஊருக்குப் போக ஆசைப்பட்டார் என்று உங்கள் சிநேகிதிகள் இன்னமும் கேட்கிறார்கள். லண்டன் டூட்டிங் சூப்பர்மார்க்கெட்டில் பதினெட்டு வருசம் அந்தப் போத்தல்களை அடுக்கியவருக்கு லேபல்களில் இருக்கிற ஊர்ப்பெயர்களும் மாளிகைப் படங்களும்தான் பழக்கம் என்று அவர்களுக்கு எப்படி விளங்கும்? சாந்தெமிலியோன், போயாக், பிளாய் என்று ஒவ்வொரு ஊரையும் உச்சரிக்கப் பழகி வைத்திருந்தீர்கள். "உந்தப் படத்தில கிடக்கிற மாளிகையள் மெய்யாவே இருக்கோ, சும்மா கீறி வச்சவங்களோ எண்டு ஒருக்காப் பாக்கவேணும் தம்பி" என்பீர்கள்.

ஜனவரியில் அந்த ஆஸ்பத்திரி அறையில் நாம் இருந்தது எனக்கு ஒவ்வொரு நாளும் ஞாபகம் வருகிறது. தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துத் தரட்டுமா என்று டாக்டர் கேட்டார். தேவையில்லை, நான் இருக்கிறேன் என்றேன். அவர் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: கணையத்தில் புற்றுநோய். மாற்ற முடியாது. மருந்து சில மாதங்களைத் தரலாம். செப்டெம்பரில் தொடங்கும் இலையுதிர் காலம்வரை இருப்பார் என்று சொல்ல முடியாது.

நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். "என்னவாம் தம்பி?"

"ஒரு கட்டி இருக்காம் அக்கா. மருந்து குடுத்தாச் சரிவருமாம். கொஞ்சம் காலம் எடுக்கும்."

டாக்டர் அவ்வளவு நேரம் பேசியதற்கு என் தமிழ் மிகவும் கட்டையாக இருந்தது. அவருக்கும் சந்தேகம் வந்திருக்க வேண்டும். "எல்லாவற்றையும் சொல்லிவிட்டீர்களா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன்.

சுகம் வரப்போகிறது என்று நம்பித்தானே பயணத்துக்கு ஆயத்தப்படுத்தத் தொடங்கினீர்கள்? கோலியர்ஸ் வுட் வீட்டுக் குசினி மேசை முழுக்க கப்பல் புத்தகங்கள். கீழ்த் தட்டு அறைகளின் ஜன்னல் திறக்காது, தண்ணீர் கண்ணாடியில் முட்டிக்கொண்டு நிற்கும் என்று வாசித்துவிட்டு, கதவு தள்ளித் திறக்கிற மேல்தட்டு அறைதான் வேண்டும் என்றீர்கள். சாந்தெமிலியோனின் கல் பாவிய ஏற்றத்தில் ஏறிப் பழக வேண்டுமென்று புதுச் சப்பாத்து வாங்கி, காலையில் வாண்டில் ஆற்றங்கரையில் நடந்தீர்கள். நானும் பின்னால் நடந்தேன். அந்த நடையில் ஒருநாளாவது என்னால் சொல்லியிருக்க முடியாதா?

பயண அலுவலகத்துப் பெண் இரண்டு திகதிகள் காட்டினாள். ஏப்ரலிலும் அதே அறை இருந்தது, செப்டெம்பரிலும் இருந்தது.

"சித்திரையில போவமோ தம்பி? குளிரும் விட்டிடும்" என்றீர்கள். பிறகு உங்கள் வழக்கப்படி என்னிடமே விட்டீர்கள். "நீ சொல்லு. எது நல்லது?"

"செப்டெம்பர்ல போவம் அக்கா. அப்பதான் பழம் பழுத்து அறுவடை நடக்கும்."

ஏப்ரல் என்றால் ஏன் இவ்வளவு அவசரம் என்று நீங்கள் யோசிப்பீர்கள் என்று பயந்தேன். செப்டெம்பர் என்றால் செப்டெம்பர் வரை இருப்போம் என்று நம்புவீர்கள். அந்த நம்பிக்கையைத் தருவதுதான் அன்பு என்று நினைத்தேன். ஏப்ரல் வந்தது. நீங்கள் ஆற்றங்கரையில் விறுவிறு என்று நடந்துகொண்டிருந்தீர்கள். மே மாதம் பிறக்கும்போது படியேற முடியவில்லை.

அந்த மே மாதத்தில்தான் பயணக் காப்புறுதிக்காரி எடுத்தாள். நான் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்திருந்தேன். பயணம் செய்பவருக்குக் குணமாக்க முடியாத நோய் என்று எந்த டாக்டராவது சொன்னதுண்டா என்று கேட்டாள். "இல்லை" என்றேன். திரும்பிப் பார்த்தால் நீங்கள் கதவு நிலையைப் பிடித்தபடி நிற்கிறீர்கள்.

"அவ கேட்டது எனக்கு விளங்கினது" என்றீர்கள். "அண்டைக்கு டாக்குத்தர் சொன்னதும் பாதி விளங்கினதுதான். நீ வேறை மாதிரிச் சொன்னாய். நான் என்ரை காதை நம்பேல்லை, உன்ரை வாயை நம்பினன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"சித்திரையில போவமோ எண்டு கேட்டனான் தம்பி. எனக்குக் கால் இருந்த நேரம்."

நீங்கள் சத்தம் போடவில்லை. அழவுமில்லை. சத்தம் போட்டிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரிடம் நீங்களே ஆங்கிலத்தில் சொன்னீர்கள்: "இன்ரப்பிரெட்டர் பிளீஸ். நொட் மை பிரதர்." நான் எழுந்து வெளியே போய் இருந்தேன். மூடிய கதவுக்குப் பின்னால், முகம் தெரியாத ஒருவரின் தமிழில் உங்கள் மரணத்தைக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அன்று கை பிடிக்க யாருமில்லை.

கடைசிவரை "சாப்பிட்டியோ?" என்று கேட்டீர்கள். வேறு யாரிடமும் என்னைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை. ஆனால் பயணத்தைப் பற்றிய பேச்சே பிறகு எடுக்கவில்லை. மன்னித்தீர்களா அக்கா? நானும் கேட்கவில்லை, கேட்கப் பயம். இப்போது யாரிடம் போய்க் கேட்பேன்?

அந்தப் பயணத்துக்கு நான் போகவில்லை. நீங்கள் பார்க்காத மாளிகைகளை மேல்தட்டில் நின்று பார்க்கிற உரிமை எனக்கில்லை. இரண்டு இடங்களும் வேண்டாமென்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன்.

இன்னொரு செய்தி. போன வெள்ளிக்கிழமை வெஸ்ட் ஈலிங் கோயிலில் ஒரு மனுசி என்னிடம் வந்தார். அவருடைய கணவருக்கு ஸ்கானில் ஏதோ தெரிகிறதாம். வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்க வேண்டும், கணவருக்கு ஆங்கிலம் ஓடாது, நான் கூட வர ஏலுமோ என்று கேட்டார். ஓம் என்றேன். மனுசி என்னைத் தூணோரமாக இழுத்து, குரலைத் தாழ்த்தினார். "டாக்குத்தர் ஏதும் கூடாமச் சொன்னா இவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ அண்ணை. தாங்கமாட்டார். உங்களுக்குத் தெரியும்தானே."

கணவர் சற்றுத் தள்ளி நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார். இன்று அந்த மனுசிக்குத் தொலைபேசி எடுத்தேன். உங்களுக்கு நான் செய்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் அழுதார். பிறகு கோபித்தார். "அப்ப நீங்கள் வரவேண்டாம்" என்று வைத்துவிட்டார். ஒரு மணித்தியாலம் கழித்து அந்தக் கணவரே எடுத்தார். "பக்கத்திலதான் இருந்தனான் தம்பி. நீங்கள் வாங்கோ" என்றார்.

வியாழக்கிழமை போகிறேன் அக்கா. நல்லதோ கெட்டதோ, டாக்டர் சொல்வது அத்தனையும் அவருக்குத் தமிழில் போய்ச் சேரும். சொல்லி முடியும்வரை அவர் கையை விடமாட்டேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

நீங்கள் வாயை நம்பிய அந்தத் தம்பி அல்ல,
உங்களுக்குப் பின் பிறந்தவன்,
குகன்