தூணில் பழுதில்லை

அன்புள்ள சின்னுவுக்கு,

அம்மா எழுதுவது. எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, உனக்கும் ஒன்றும் இருக்கக் கூடாது. நலம் விசாரித்தது இதோடு போதும். போனில் பேசினால் நீ சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் கையால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். உட்கார்ந்து முழுசாகப் படி.

போன செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்கு நம் மேட்டின் கீழ்த்தெருவில் மூன்று வீடுகள் சரிந்து விழுந்துவிட்டன. கொஞ்சம் மண் சரிந்திருக்கிறது, பயப்படாதே என்று அப்பா உன்னிடம் சொன்னாராம். நீ பயப்பட வேண்டும் சின்னு. இருபத்தாறு வருஷமாக அந்த மேட்டுச் சரிவில் இருக்கும் அளவை நிலையத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், அங்கே நட்டிருக்கும் கான்கிரீட் தூணின் தலையில் இருக்கும் ஆன்டெனா தினமும் செயற்கைக்கோள் சிக்னலை வாங்கி நீ வேலை பார்க்கும் மையத்துக்குத்தான் அனுப்புகிறது. பத்து மாதத்தில் அந்தத் தூண் தெற்கே நாலு சென்டிமீட்டர் போய், இரண்டு சென்டிமீட்டர் இறங்கியது. ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், அடியில் தோண்டியும் பார்த்தேன், துளி சாய்வில்லை, கீறல் இல்லை. தூண் சரியாகத்தான் இருக்கிறது, மேடுதான் தூணையும் சுமந்துகொண்டு நகர்கிறது என்று படத்தோடு மையத்துக்கு எழுதி அனுப்பினேன். ஒரே வரியில் பதில் வந்தது. தூண் பழுது, தரவு நீக்கப்பட்டது. கீழே உன் கையெழுத்து.

உங்கள் மையம் பூமி எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று கணக்குப் போடுவதற்கு, நகர்ந்துகொண்டே இருக்கிற நிலையம் ஆகாது, அது எனக்குத் தெரியாதா? நீ பென்சில் பிடிக்கக் கற்பதற்கு முன்னாலேயே அந்த வேலைக்கு வந்தவள் நான். உன் கணக்கிலிருந்து என்னை எடுத்ததற்குக் கோபமில்லை, எடுத்துக்கொள். ஆனால் நிலம் நகர்கிறது என்று எழுத வேண்டிய இடத்தில் தூண் பழுது என்று யாரைக் கேட்டு எழுதினாய்? நான் அனுப்பிய படங்களைத் திறந்தாவது பார்த்தாயா? நிலையத்தின் நாலெழுத்துக் குறியீடு உனக்குத் தெரியாததா? ஞாயிறு தவறாமல் என் முட்டி வலியை விசாரித்தாயே, ஒருநாளாவது தூணை விசாரித்தாயா?

நகர அலுவலகத்துக்கு நாலு தடவை நடந்தேன். அங்கிருக்கும் பொறியாளர் உன் வரியை எடுத்துக் காட்டி, "உங்க பொண்ணே தூண் சரியில்லைன்னு எழுதியிருக்காங்களேம்மா, நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்டார். அப்புறம் நானே கீழ்த்தெருவில் தரை பிளந்திருந்த விரிசலுக்கு இரண்டு பக்கமும் முளை அடித்து டேப்பால் அளந்தேன், ஒரு வாரத்தில் இரண்டு விரல் அகலம் கூடியிருந்தது. வீடு வீடாகப் போய்க் கத்தினேன். இரண்டு குடும்பம் கிளம்பியது. அந்தத் தெருவில் இருந்த தையல்காரரை மட்டும் கையைப் பிடித்து இழுக்காத குறையாக நம் வீட்டுக்கே கூட்டி வந்தேன். செவ்வாய்க்கிழமை அவர், "தூண்தான் பழுதுன்னு ஆபீஸ்ல சொல்றாங்களேக்கா, மெஷினை மட்டும் எடுத்துட்டு வந்துடறேன்" என்று போனார். இடது கால் முட்டிக்குக் கீழே இப்போது இல்லை. மிதித்துத் தைக்கிற மனிதருக்கு.

உனக்கு நேராகப் போன் போட்டிருக்க வேண்டியவள் நான். ஆபீஸ் விஷயம் ஆபீஸ் வழியாகத்தான் போக வேண்டும் என்று வீம்பாக இருந்துவிட்டேன். அந்தப் பங்கை உன் தலையில் கட்டவில்லை, அதற்கு என்னை நானே திட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் மேல்தெருவில் இன்னும் பதினொரு குடும்பம் இருக்கிறது, அங்கேயும் சுவரில் கீறல் விட ஆரம்பித்துவிட்டது. மையம் எழுதியதை மையமே மாற்றினால்தான் காலி செய்யச் சொல்ல முடியும் என்கிறார் பொறியாளர். தூணில் பழுதில்லை, நிலம் நகர்கிறது, முன்பு எழுதியது என் தவறு, இந்த மூன்றையும் உன் பெயர் போட்டு இன்றைக்கே அனுப்பு. குழு, ஆய்வு, பரிசீலனை என்று பூசி மெழுகாதே. வேலைக்கு ஆபத்து வந்தால் வரட்டும், வீட்டில் சோறு இருக்கிறது.

காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே, குளிருக்குக் காதை மூடிக்கொள். இவ்வளவு கடுமையாக எழுதாதே, பிள்ளை அழுவாள் என்று அப்பா பக்கத்தில் நின்று சொல்கிறார். அழு. அழுதுகொண்டே எழுது. நீ நல்லபடியாக, நிமிர்ந்த தலையோடு இருக்க வேண்டும் என்பதுதான் இப்போதும் என் ஆசீர்வாதம்.

கோபத்தோடு,
உன் அம்மா