நான் அளிக்காத வாக்கை மீளப் பெறல்

அனுப்புநர்:
சி. குகதாசன்,
நோர்பரி,
லண்டன் தென்மேற்கு 16.

பெறுநர்:
கொன்சல் அவர்கள்,
தர்வீனியா குடியரசின் தூதரகம்,
லண்டன்.

விடயம்: 1997 மார்ச் 9ஆம் திகதி நடைபெற்ற தங்கள் ஜனாதிபதித் தேர்தலில் என் பெயரில் விழுந்த வாக்கும், அதன் காரணமாக விரிவுரையாளர் அ. செபமாலைமுத்து தடுத்து வைக்கப்பட்டிருப்பதும்.

மதிப்புக்குரிய ஐயா,

1. நீண்ட யோசனைக்குப் பின், வீட்டாருடனும் கலந்து பேசி, தங்கள் ஜனாதிபதிக்கு நான் அளித்த வாக்கை மீளப் பெற்றுக்கொள்வதெனத் தீர்மானித்துள்ளேன் என்பதைப் பணிவுடன் அறியத்தருகிறேன். அவர் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வீதம் பெற்றிருப்பதால் இத்தீர்மானம் ஆட்சியைக் கவிழ்க்காது என நம்புகிறேன். நான் தர்வீனியாவின் பிரசை அல்லன். தேர்தல் நாளன்று நோர்பரியில் ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலையில் இருந்தேன். இவ்விரண்டும் என் வாக்குக்குத் தடையாக இருக்கவில்லை.

2. இம்மனுவைத் தமிழில் எழுதுவதற்கு மன்னிக்கவும். முதலில் ரஷ்ய மொழியில் எழுதினேன். அது இப்போது அந்நிய மொழி என்று திருப்பி அனுப்பினீர்கள். ஆங்கிலத்தில் எழுதினேன், அது என் தாய்மொழி அல்ல என்றீர்கள். அரச மொழி அறியாதோர் தத்தம் தாய்மொழியில் மனுச் செய்யலாம் என்ற தங்கள் வரவேற்பறை அறிவித்தலின்படி இதை எழுதுகிறேன்.

3. தர்வீனியா சோவியத் ஒன்றியத்தில் இருந்த காலத்தில், தங்கள் இரண்டாவது நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரியில் புலமைப்பரிசில் பெற்றுப் படித்தவர்கள் நானும் செபமாலைமுத்துவும். நான் யாழ்ப்பாணம், அவர் மன்னார். ஒரே விடுதி அறை. நான் 1984இல் லண்டனுக்கு வந்தேன். அவர் அங்கேயே நீனா என்ற பெண்ணை மணந்து, தங்கள் குடியுரிமையும் பெற்று, அதே கல்லூரியில் படிப்பித்து வந்தார். தங்கள் நாடு சுதந்திரம் அடைந்த நாளில் எனக்குத் தொலைபேசி எடுத்து அழுதவர். இனி இந்த நாட்டில் எவரும் பயந்து கதைக்கத் தேவையில்லை என்றார். அந்தத் தொலைபேசிக் கட்டணம் வீண் என்று நான் இன்னும் கருதவில்லை.

4. மார்ச் தேர்தலில் எங்கள் பழைய விடுதியே வாக்குச்சாவடி. செபமாலைமுத்து அதன் பொறுப்பாளர்களில் ஒருவர். மாலையில் வாக்காளர் இடாப்பைச் சரிபார்த்தபோது என் பெயரையும் எதிரே ஒரு கையெழுத்தையும் கண்டிருக்கிறார். அவருக்கு மோசடி என்ற எண்ணமே தோன்றவில்லை. வீட்டுக்கு வராமல் போய்விட்டேன் என்ற கோபந்தான் தோன்றியது. அன்றிரவே தொலைபேசியில் என்னை ஏசினார்: “ஏன்ரா, இவ்வளவு தூரம் வந்து வோட்டுப் போட்டிட்டு, என்ர வீட்டில ஒரு தேத்தண்ணி குடிக்காமல் போட்டியோ? நீனா உனக்கு என்ன செய்தவள்?” நான், “விசரா, நான் விடியத் துவங்கி ஷிப்டில நிண்டனான்” என்றேன்.  “அப்ப இந்தக் கையெழுத்து ஆரின்ர?” என்று கேட்டார். அக்கேள்விக்கு இதுவரை பதில் இல்லை.

5. மறுநாள் அவர் இடாப்பை முழுமையாகப் பார்த்திருக்கிறார். 1983இல் எங்கள் விடுதியில் இருந்த அனைவரும் வாக்களித்திருந்தனர். அங்கோலா நாட்டவர் இருவர், ஏமன் நாட்டவர் ஒருவர், விடுதிச் சமையற்காரி. சமையற்காரி காலமாகிவிட்டார் என்றே அறிந்திருந்தேன். கள்ள வாக்கு எங்களுக்குப் புதிதல்ல. என் பெரியப்பா தமது மரணத்துக்குப் பின்னும் யாழ்ப்பாணத்தில் இரு தேர்தல்களில் வாக்களித்தவர். ஆனால் அதைச் சுட்டிக்காட்டிய அலுவலரை எவரும் வந்து கொண்டுபோகவில்லை.

6. செபமாலைமுத்து தமது அறிக்கையின் குறிப்புப் பகுதியில் எழுதியது ஒரே வரி: “இவ்வாக்காளர் லண்டனில் இருப்பதாகக் கூறுகிறார், விசாரிக்கவும்.” அந்த வாரமே விசாரணை தொடங்கியது, அவரிடம். வெளிநாட்டவருடன் சேர்ந்து தேர்தலுக்குக் களங்கம் கற்பித்தார் என்பது குற்றச்சாட்டு. அந்த வெளிநாட்டவர் நான். கணவரின் கைது பற்றிய நீனாவின் முறைப்பாட்டை வெளியிட்ட பத்திரிகை தீப்பாதுகாப்பு விதிகளின்கீழ் மூடப்பட்டது. தீ எதுவும் ஏற்படவில்லை. செபமாலைமுத்துவுக்காக அரசு நியமித்த சட்டத்தரணி, குற்றத்தை ஒப்புக்கொள்ளும்படி அவரைக் கேட்பதற்கு மட்டும் ஒருமுறை வந்து போயிருக்கிறார்.

7. இம்மாதம் முதலாம் திகதி இந்நாட்டுப் பொதுத் தேர்தலில் நானும் வாக்களித்தேன். அருகிலுள்ள பள்ளிக்கூடத்தில் நூலில் கட்டிய பென்சில் ஒன்றைத் தந்தார்கள். எனக்கு முன் என் பெயரில் எவரும் வந்திருக்கவில்லை.  

8. தங்கள் நாட்டுச் சிறைகளில் திங்கட்கிழமைகளில் வாசலில் பொதி வாங்குவார்கள் என்பது தாங்கள் அறிந்ததே. உள்ளே இருப்பவரின் பெயரைச் சொல்லிக் கொடுக்கும் பாணும் காலுறையும் வாங்கப்பட்டால், அவர் அங்கே இருக்கிறார் என்று பொருள். வேறு எவ்விதத் தகவலும் தரப்படுவதில்லை. நீனா எனக்குச் சொல்வார். இங்கே மோர்டனில் இருக்கும் செபமாலைமுத்துவின் தமக்கை லூர்தம்மா, தேவாலயத்திலிருந்து வந்ததும் என்னை அழைப்பார்: “தம்பி, இண்டைக்கு வாங்கினவங்களோ?” “ஓம் அக்கா, வாங்கினவங்கள்.” “அப்ப இருக்கிறான்.” 

9. இம்மனு அவருக்குத் தீங்காகுமோ என்று அஞ்சி எழுதாமல் இருந்தேன். எழுதாமல் இருப்பது தீங்காகுமோ என்று அஞ்சி இப்போது எழுதுகிறேன். தர்வீனியாவில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரையே நான் அறிவேன். அவர் தங்கள் காவலில் உள்ளார். மொழிபெயர்ப்புக்கு அவரையே அழைக்கலாம். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எழுத்துப் பிடிபடாது. கைதானபோது அது மேசையிலேயே விடுபட்டுவிட்டது. வைத்தியரின் கடிதம் இன்றிக் கண்ணாடியை ஏற்கமாட்டோம் என்றார்கள். இப்போது கடிதம் கிடைத்துவிட்டது. வரும் திங்கட்கிழமைப் பொதியில் நீனா கண்ணாடியையும் கடிதத்தையும் வைக்கிறார்.

10. ஆகவே, செபமாலைமுத்துவை விடுதலை செய்ய ஆவன செய்யுமாறும், அதுவரை நீனா அவரை நேரில் காண அனுமதிக்குமாறும் தங்களை மன்றாடிக் கேட்கிறேன். அவரது விடுதலைக்குத் தடையாக இருப்பது என் வாக்கு மட்டுமே எனில், மார்ச் 9ஆம் திகதி நான் அங்கு வந்தேன், என் கையால் தங்கள் ஜனாதிபதிக்கு வாக்களித்தேன், நண்பன் வீட்டுக்குப் போகாமல் திரும்பியது என் பிழை என்று சத்தியக் கடதாசி முடித்துத் தரவும் ஆயத்தமாக உள்ளேன். அவ்வாறாயின் முதலாம் பந்தியைத் தயவுசெய்து வெட்டிவிடவும்.

தங்கள் பதிலை எதிர்நோக்கியிருக்கும்,
(ஒப்பம்) சி. குகதாசன்
நோர்பரி, லண்டன்.
16.05.1997

பி.கு. (20.05.1997): தபாலில் சேர்க்குமுன் எழுதுவது. நேற்றுத் திங்கட்கிழமை சிறை வாசலில் பொதியை வாங்கவில்லை. கண்ணாடி நீனாவிடம் உள்ளது.