மேல் முகாமுக்கு ஒரு கைக்கருவி

அனுப்புநர்:
மலைப்பாதைக் காவலர்,
மேல் முகாம்.

பெறுநர்:
உயர்திரு வன அலுவலர் அவர்கள்,
தலைமை அலுவலகம்.

பொருள்: ஜி.பி.எஸ். கைக்கருவித் தேர்வை மறுபரிசீலனை செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேல் முகாமில் முன்பு இருவர் பணியில் இருந்தோம். உடன் இருந்தவர் ஓய்வு பெற்றதும், ஜி.பி.எஸ். வந்துவிட்டபடியால் இனி ஒருவரே போதும் என்று தங்கள் அலுவலகம் முடிவு செய்தது. அதைக் குறை சொல்ல நான் இம்மனுவை எழுதவில்லை. அவர் பலமாகக் குறட்டை விடுவார். இப்போது முகாம் அமைதியாக இருக்கிறது. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை என்பதை மட்டும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. சோதனைக்காக இரண்டு கருவிகள் தரப்பட்டன. பெரியது தொடுதிரை கொண்டது. அலுவலகக் கூட்ட அறையில் எல்லோரும் அதைத்தான் மெச்சினார்கள். படம் கண்ணைப் பறித்தது. மலையில் மழை பிடித்துக்கொண்டால், திரையில் விழும் ஒவ்வொரு துளியையும் அது விரல் என்று எண்ணிக்கொள்கிறது. வரைபடம் தானாகச் சுருங்கும், விரியும், பக்கத்துப் பள்ளத்தாக்குக்கு ஓடும். கையுறையோடு நாம் தொட்டால் மட்டும் அசையாது. குளிரில் சார்ஜ் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். பேட்டரியைக் கழற்றி மாற்றவும் வழியில்லை. ஒருமுறை பாறையடியில் ஒதுங்கி, அதைச் சட்டைக்குள் வைத்துச் சூடேற்றிக்கொண்டிருந்தேன். யார் யாருக்கு வழிகாட்டுவது என்று எனக்கே சிரிப்பு வந்தது. சேர்ந்து சிரிக்கப் பக்கத்தில் ஆள் இல்லை.

3. சிறியது பார்க்க லட்சணமாக இராது. ஆனால் பொத்தான்கள் உண்டு, கையுறையோடு அழுத்தலாம். டார்ச்சுக்குப் போடும் சாதாரண செல்லே அதற்கும் போதும். டவர் எட்டாத இடத்திலிருந்தும் செயற்கைக்கோள் வழியாக ஒரே ஒரு எண்ணுக்குச் சிறு செய்தி அனுப்பும். அந்த எண்ணை அலுவலகத்தில்தான் பதிக்க முடியும், மாற்ற முடியும்.

4. கருவியைக் கொடுத்த அன்று பண்டகக் காப்பாளர், "செய்தி யாருக்குப் போகணும்? வீட்டுல யாராவது ஒருத்தர் நம்பர் சொல்லுங்கண்ணே" என்றார். என் மனைவி காலமாகிவிட்டார். பிள்ளைகள் இல்லை. அண்ணனோடு பேச்சுவார்த்தை நின்று வெகுகாலம் ஆகிறது. எனக்குப் பின்னால் மற்ற முகாம் காவலர்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். வெட்கத்தில் என் எண்ணையே சொல்லிவிட்டேன்.

5. அன்றாடம் மாலையில் "நலமாக இருக்கிறேன்" என்று அனுப்பி வந்தேன். மளிகை வாங்கக் கீழே இறங்கிய அன்று, டவர் கிடைத்ததும் கடை வாசலில் என் கைபேசி விடாமல் கத்தத் தொடங்கியது. கடைக்காரர், "என்ன சார், இத்தனை பேரு உங்களைத் தேடுறாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். எல்லாம் நான் எனக்கு அனுப்பியவை. நடுவில் ஒன்று மட்டும் "உதவி தேவை" என்று இருந்தது. ஓடைச் சரிவில் கால் பிசகி, எழ முடியாமல் கிடந்த அன்று அனுப்பியது. யாருக்குப் போகும் என்று தெரிந்தேதான் அனுப்பினேன், ஐயா. அந்த வேளையில் வேறு எதுவும் தோன்றவில்லை. பிறகு தவழ்ந்தும் நொண்டியும் முகாம் வந்து சேர்ந்தேன்.

6. பெரிய கருவியையே எல்லா முகாம்களுக்கும் வாங்க இருப்பதாகவும், சிறியதன் செய்தி வசதியால் மேல் முகாமுக்குப் பயன் ஏதும் இல்லை என்று குறிப்பு எழுதப்பட்டிருப்பதாகவும் கேள்விப்பட்டேன். குறிப்பு உண்மைதான். ஆனால் பழி என்னுடையது. பாவம், அந்தக் கருவி என்ன செய்யும்?

ஆகவே, சிறிய கருவியையே தேர்வு செய்யுமாறும், அதிலுள்ள என் எண்ணை நீக்கிவிட்டுத் தங்கள் அலுவலக எண்களில் ஏதேனும் ஒன்றைப் பதிக்க ஆணையிடுமாறும் வேண்டுகிறேன். என் மாலைச் செய்திகளுக்குப் பதில் அனுப்பத் தேவையில்லை. அங்குள்ள வேலைப்பளு அறிவேன். ஒரு மாலை என் செய்தி வராமல் போனால், அங்கே யாராவது ஒருவர் தலைநிமிர்ந்து, "மேல் முகாம்காரர் இன்னும் எதுவும் அனுப்பலையே" என்று சொன்னால் போதும்.

இடம்: மேல் முகாம்
நாள்: ஜூன் 9

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
மலைப்பாதைக் காவலர்