பூட்டி வச்ச ஹாரன்

அன்பு மவ ஜுஹைனாவுக்கு, குற்றாலத்துல இருந்து உம்மா சலாம் சொல்லி எழுதிக்கிட்டது. அஸ்ஸலாமு அலைக்கும். ரப்புடைய கிருபையில நானும் வாப்பாவும் லாட்ஜும் நல்லா இருக்கோம், லாட்ஜ் கூரை மட்டும் ரெண்டு எடத்துல ஒழுகுது. அங்கன கனடாவுல நீயும் மருமவன் மன்சூரும் ஒரு கொறையும் இல்லாம சொவமா இருக்கணும், அதுக்குத்தான் இந்தக் கடிதாசியே. இங்கன மூணு வாரமா சாரல் விடாம அடிக்கி. ஐந்தருவியில அஞ்சு கிளையிலயும் தண்ணி வுழுது, மெயின் அருவியில ரெண்டு நாளு குளிக்க விடாம போலீஸு கயிறு கட்டிட்டாவ. ரூம் எல்லாம் ஃபுல்லு. தென்காசி வீட்டப் பூட்டிப் போட்டுட்டு நானும் லாட்ஜுலயேதான் கெடக்கேன். போன் இருக்கும்போது இவ எதுக்கு பேனாவத் தூக்கிருக்கான்னு நீ கேப்ப. போன்ல சொன்னா நீ பாதியிலயே சிரிச்சு காரியத்தக் கெடுத்துருவ, வாப்பா வேற பக்கத்துல இருந்துக்கிட்டு ஸ்பீக்கர்ல போடு, ஸ்பீக்கர்ல போடும்பாவ. மேலகரத்து துல்கர்னைன் ஒங்க ஊருக்குத்தான் மேல்படிப்புக்குப் போறான், அவன் கையில இந்தக் கடிதாசியும் ரெண்டு கிலோ நேந்திரங்கா சிப்ஸும் குடுத்து விடுதேன். சிப்ஸப் பிரிச்சுராத, மொதல்ல இதப் படி.

விசயம் என்னன்னா, நான் ஒன்னயச் சபிச்சுட்டேன். ஒரு தடவ ரெண்டு தடவ இல்ல, மூணு மாசமா. பதறாத, ஒன்னயன்னு தெரியாமச் செஞ்சது. ஆனா பெத்தவ வாயில வந்த பத்துவா, சாபம்லா, நாலுல மூணு பலிச்சிட்டு. அத நான் வாபஸ் வாங்கணும், அதுக்கு முன்னால நீ செஞ்சது என்னன்னு நீ தெரிஞ்சுக்கிடணும்.

போன நோன்புப் பெருநாளுக்கு நீ வந்திருந்தப்ப, ரிசப்சன் டிவிக்கு அடியில அந்தக் கறுப்புப் பெட்டிய மாட்டி வச்ச. மலப்பாதையில லாரி ஓட்டுற கேமு, எங்க கம்பெனி போட்டது, ரெண்டு வருசமா நானும் ஒழைச்சிருக்கேன், லாரி கடைசி ஊருக்குப் போய்ச் சேந்தா வேல பாத்தவங்க பேரெல்லாம் வரும், அதுல என் பேரும் இருக்குன்னு சொன்ன. ஓசியில வந்தது இல்ல, கடையில ஆறாயிரம் ரூவா முழுசாக் குடுத்து வாங்குனதுன்னும் சொன்ன. அப்ப உள்ள இருக்கதெல்லாம் நமக்குத்தானான்னு வாப்பா கேட்டாவ. முழுசும் ஒங்களுக்குத்தான் வாப்பான்னு நீ சொன்ன. இந்த வார்த்தைய ஞாபகத்துல வச்சுக்க. ஒனக்கு அதுல என்ன வேலைன்னு கேட்டதுக்கு மட்டும் டிசைன்னு ஒத்த வார்த்தையில முடிச்சுட்ட. டிசைன்னா நாங்க என்னத்தக் கண்டோம், நீ சின்னதுல இருந்து நல்லா வரைவியே, அந்த மலையெல்லாம் நீ வரைஞ்சதுன்னு நெனச்சுக்கிட்டோம். ரூம் கேட்டு வாரவங்க கிட்டல்லாம் வாப்பா டிவியக் காட்டி, பாருங்க அண்ணாச்சி, மல பூராவும் எம்மவ வரைஞ்சதும்பாவ. ஒரு வளைவுல மேகம் எறங்கி வந்து ரோட்ட மூடும் பாத்துக்க, அது ஒங்கையால வந்த மேகம்னு நான் அழுதே இருக்கேன்.

ஒம்பேர டிவியில பாக்காம விடமாட்டேன்னு வாப்பா வைராக்கியமா ஒக்காந்தாவ. சவூதி தம்மாம்ல இருவது வருசம் டிரைலர் ஓட்டுன மனுசன். மொத வளைவு வந்ததும் ஹாரன் அடிக்கப் பாத்தாவ, அடிக்கல, ஒரு பூட்டுப் படம் வந்து நின்னுச்சு. ஹாரன் வேணும்னா ஐநூறு தங்கக் காசு வேணுமாம், அந்தத் தங்கக் காச நம்ம காசு போட்டு வாங்கணுமாம். அதயாவது ஐநூறா விக்கானா, இல்ல, நானூறு ஒரு கட்டு, ஆயிரம் ஒரு கட்டு. நானூறு வாங்குனா நூறு கொறையுது, ஆயிரம் வாங்குனா மிச்சம் ஐநூறு உள்ள கெடந்து வேற எதயாவது வாங்கு வாங்குன்னு கண்ணச் சிமிட்டுது. மழைக்குள்ள போனா வைப்பருக்கும் பூட்டு. செக்போஸ்ட்டுக்குச் செக்போஸ்ட்டு லாரிய நிப்பாட்டி ஒரு கலர்த் தண்ணி விளம்பரம், தள்ளி விடவும் முடியாது. நம்ம காசு போட்டு வாங்குன லாரிய மறிச்சு எவனோ தண்ணி விக்கான், நாம வாயத் தொறந்து பாத்துக்கிட்டு இருக்கணும். ஒரு நாளு வாப்பா எந்திரிச்சுப் போய் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒலுச் செஞ்சுட்டு வந்துட்டாவ, அது இன்னும் ஓடிக்கிட்டுக் கெடக்கு.

பெறவு அதிர்ஷ்டப் பெட்டின்னு ஒண்ணு வந்துச்சு. அதுக்குள்ள ஹாரன் இருக்கலாம்னு போட்டிருந்துச்சாம். இருக்கலாமாம்! நம்ம லாட்ஜுல ரூம் சாவி பாக்க ஹஸீபா இங்கிலீஷு நல்லா வாசிப்பால்லா, அவ வேண்டாம் மாமா, வேண்டாம் மாமான்னு தலையால அடிச்சுக்கிட்டா. வாப்பா கேக்கல, காசக் கட்டிட்டாவ. பெட்டி தொறந்துச்சு, ஒரே வெளிச்சம், பூவாக் கொட்டுது, கல்யாண வீடு தோத்துது போ, உள்ள பாத்தா டிரைவருக்கு ஒரு பச்சத் தொப்பி. அந்த டிரைவரு லாரிய விட்டு எறங்கவே மாட்டான், அவன் தலைய யாரு பாக்கா. ஹாரனக் கேட்டா தொப்பியப் போடுதானேன்னு வாப்பா அன்னைக்கு பூரா பொலம்புனாவ. இனி ஒத்தப் பைசா குடுக்க மாட்டேன்னு அன்னையில இருந்து ஒவ்வொரு வளைவுக்கும் வாயாலயே ஹாரன் அடிக்க ஆரம்பிச்சாவ. சுபுஹு தொழுதுட்டு ஒக்காந்தா எட்டு மணி வரைக்கும் பாம் பாம், பாம் பாம். மூணாம் நம்பர் ரூமுல சிவகிரி விஜய்பாண்டி அண்ணாச்சி பத்து நாளு குளிக்க வந்திருந்தாரு. மொத நாளு காலையில நெசமாவே லாரி உள்ள வருதுன்னு நெனச்சு, காரத் தள்ளி நிப்பாட்ட துண்டோட ஓடி வந்துட்டாரு மனுசன்.

அறுவத்தி மூணு வயசு மனுசன் வாயால ஹாரன் அடிக்கதப் பாக்கப் பாக்க எனக்கு வயிறு எரிஞ்சுது. பக்கத்துல இருந்து உள்ளி உரிச்சுக்கிட்டே, லாரிக்குள்ள இந்தக் கடையப் போட்டவன் எவன்லே, அவன் திங்கிற சோத்துல கல்லு கெடக்க, அவன் செருப்பு வாரு நடுரோட்டுல அந்து போவ, அவன் ஏறப் போற பஸ்ஸு நிக்காமப் போவ, அவன் சோப்புப் போட்டு நிக்கும்போது தண்ணி நின்னு போவன்னு, வாயில வந்ததெல்லாம் சொன்னேன். அதுவும் கடைசியாச் சொன்னது என்னைக்குங்கிற, வெள்ளிக்கெழம, சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பெறவு, வெளிய மழ வேற. அந்த நேரத்துல என்ன கேட்டாலும் கபூலாகும்னு ஒனக்குச் சொல்லிக் குடுத்தவளே நான்தான். விடுட்டி, யாரு பெத்த புள்ளையோன்னு வாப்பா கூடச் சொன்னாவ. யாரு பெத்திருந்தா எனக்கென்ன, நல்லாவா பெத்துருக்கான்னு கேட்டேன் நான். விஜய்பாண்டி அண்ணாச்சியும் சும்மா இருக்காம தன் பங்குக்கு ரெண்டு எடுத்து விட்டாரு, அத எழுத முடியாது.

போன செவ்வாக்கெழம காலையில லாரி ஒருவழியாக் கடைசி ஊருக்குப் போய்ச் சேந்துச்சு. எல்லாரும் டிவி முன்னால கூடிட்டோம், நான் தலைக்கு முக்காடெல்லாம் சரி பண்ணிக்கிட்டு ஒக்காந்தேன், என்னமோ நீ நேர்ல வாராப்புல. பேரு மேல ஏற ஏற ஹஸீபா வாசிக்கா. மல வரைஞ்சது யாரோ ஒரு வெள்ளக்காரன். மேகம் ஒன்னது இல்ல. மழ ஒன்னது இல்ல, லாரியும் இல்ல. வாப்பா கண்ணாடியத் தொடச்சுத் தொடச்சுப் பாக்காவ. திடீர்னு ஹஸீபா வாசிக்கத நிப்பாட்டிட்டா. என்னட்டின்னு கேட்டேன். மாமி, கேமுக்குள்ள இருக்கிற கட, டிசைன், மொதப் பேரு ஜுஹைனா மசூதுன்னா. திருப்பி வாசின்னேன். திருப்பி வாசிச்சாலும் நீதான். அருவியில கூட்டம் கொறஞ்சிருக்கும்னு சொல்லிக்கிட்டே விஜய்பாண்டி அண்ணாச்சி துண்ட எடுத்துக்கிட்டு நைசா நழுவிட்டாரு. வாப்பாவும் துண்ட எடுத்துக்கிட்டு பழைய குற்றாலம் போய் ஒரு மணி நேரம் தண்ணிக்கடியில நின்னுட்டு வந்தாவ. கண்ணு செவந்து கெடந்துச்சு, அருவித் தண்ணி பட்டதுன்னாவ. முப்பத்தி நாலு வருசமா அந்தக் கண்ணப் பாக்கேன், தண்ணி பட்டுச் செவந்த கண்ணு எனக்குத் தெரியாதா. ஒனக்கு உறுத்தணும்னுதான் இத எழுதுதேன்.

சாயா குடிச்ச பெறவுதான் மனுசன் முகத்துல சிரிப்பு வந்துச்சு. அவ அன்னைக்கு ஒளிச்ச கப்ப இன்னும் குடுக்கலட்டின்னாவ. ஞாபகம் இருக்கா, நீ ஏழாங் கிளாஸ் படிக்கையில ஒரு சீசனுக்கு, எல்லா ரூம் பாத்ரூம்லயும் கெடந்த கப்ப எடுத்து மாடிப்படிக்கு அடியில ஒளிச்சு வச்சுட்டு, கப்பு வேணும்னா ரெண்டு ரூவான்னு ரூம் ரூமாப் போய்க் கேட்டியே. மத்தியானத்துக்குள்ள பதினோரு ரூம்ல காசு வாங்கிட்ட. வாப்பா கண்டுபிடிச்சுட்டு ஒன்னய அடிக்கல, திட்டல. அவங்க குடுத்த வாடகையில கப்பும் சேத்திம்மா, குடுத்த சாமான ஒளிச்சு வச்சுத் திருப்பி விக்கது ஏவாரம் இல்லன்னு சொல்லி, கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போய் ஒவ்வொரு ரூம்லயும் காசத் திருப்பிக் குடுக்க வச்சாவ. நீ மூக்க உறிஞ்சிக்கிட்டே குடுத்த. கடைசி ரூம்ல மட்டும் குடுக்காம ஐஸு வாங்கித் தின்னது எனக்குத் தெரியும், வாப்பா கிட்ட இன்னைக்கு வரைக்கும் சொல்லல.

இதோட விட்டிருந்தா நான் பேனாவத் தொட்டிருக்க மாட்டேன். வெள்ளிக்கெழம நீ போன் பண்ணியே, அப்பத்தான் எனக்கு ஈரக்கொல நடுங்கிட்டு. மூணு நாளா பஸ்ஸு எங்கண்ணு முன்னாலயே நிக்காமப் போவுதும்மான்ன. பிரியாணியில கல்லு கடிச்சு கடவாப் பல்லு ஓரம் ஒடஞ்சுட்டுன்ன. புதுச் செருப்பு ரோட்டக் கடக்கும்போது அந்துட்டுன்ன. நான் விரல மடக்கிக்கிட்டே வாரேன், நான் சொன்னதெல்லாம் ஒண்ணொண்ணா வருது. லைன் கட்டாயிட்டுன்னு நீ நெனச்சிருப்ப, பயத்துல நான்தான் கட் பண்ணேன். ரெண்டு ரக்அத் தொழுது, யா அல்லாஹ், ஆளு தெரியாமக் கேட்டுட்டேன், நீ அட்ரஸு மாறாமக் கொண்டு சேத்துட்டியேன்னு அழுதேன். சிவகிரிக்குப் போன் போட்டு விஜய்பாண்டி அண்ணாச்சியையும் புடிச்சேன். அவரு சுடலை சாமிக்கு ஒரு தேங்கா ஒடச்சு அவரு விட்ட ரெண்டயும் அன்னைக்கே வாபஸ் வாங்கிட்டாராம், அதனால அந்தப் பக்கம் ஒனக்குப் பயம் இல்ல.

அதே போன்லதான் நீ சந்தோசமா இன்னொண்ணும் சொன்ன. அடுத்த கேமுக்கு கட பூராவும் ஒம்பொறுப்பாம், இதவிடப் பெருசாப் போடணுமாம், அடுத்த மாசம் மீட்டிங்காம். ஏட்டி, நீ பெரிய வேலைக்கு வாரதுல எனக்குப் பெருமை இல்லன்னு நெனைக்காத, பாதித் தென்காசிக்குச் சொல்லியாச்சு. கடையே போடாதன்னும் நான் சொல்ல மாட்டேன், நாங்களும் ஏவாரம் பண்ணித்தான் ஒன்னயப் படிக்க வச்சோம். பச்சத் தொப்பி வில்லு, பூப்போட்ட பெயிண்ட்டு வில்லு, கிறுக்குப் புடிச்சவன் வாங்கட்டும், ஒங்க வாப்பாவே வாங்குவாவ. ஆனா லாரிக்குள்ள இருந்த ஹாரன ஒளிச்சு வச்சுட்டு, அதயே திருப்பி விக்காத. அந்த மீட்டிங்ல எவனாவது ஒரு அறிவாளி, அடுத்து பிரேக்கயும் பூட்டி வச்சுரலாம்பான். அவங்கிட்ட எங்க உம்மா சொன்னா பலிக்கும்னு சொல்லி அந்த ஒடஞ்ச பல்லக் காட்டு.

சரி, இப்ப நான் வாபஸ் வாங்கத நல்லாப் படிச்சுக்க. சோத்துல கல்லு, வாபஸ். செருப்பு வாரு, வாபஸ். சோப்புப் போடையில தண்ணி நிக்கது இன்னும் நடக்கல போலிருக்கு, அதையும் நடக்கதுக்கு முன்னால வாபஸ். பஸ்ஸு மட்டும் வாபஸ் இல்ல. அதப் பூட்டி வச்சிருக்கேன். என்னைக்கு எங்க லாரிக்கு ஹாரன் வருதோ அன்னைக்கு ஒனக்கு பஸ்ஸு நிக்கும். அதுவரைக்கும் நடந்து போ, ஒடம்புக்கு நல்லது, கொடைய மறந்துராத.

பல்லு டாக்டரத் தள்ளிப் போடாமப் பாரு, மருமவனுக்கு நானும் வாப்பாவும் சலாம் சொன்னோம்னு சொல்லு. அல்லாஹ் ஒனக்கு நீண்ட ஆயுசும் பரக்கத்தும் நல்ல புத்தியும் தரட்டும். அஞ்சு வக்துலயும் ஒனக்குத்தான் துஆ கேக்கேன், அதுக்கு நடுவுல விளம்பரம் எதுவும் கெடையாது. ஹாரன மறந்துராத.

துஆவோட,
ஒன் உம்மா
ஜாஹிரா பீவி மசூது

பி.கு. ஒட்டப் போன கடிதாசியப் பிரிச்சு இத எழுதுதேன். வாப்பா அங்கன லாரிய மறுபடியும் மொத ஊருல இருந்து எடுத்துட்டாவ. அதே பூட்டுப் போட்ட ஹாரனு, அதே தண்ணி விளம்பரம், இன்னும் மூணு மாசம் ஆவுமே, எதுக்குன்னு கேட்டேன். கடைசியில அவ பேரு வரும்லான்னாவ. மொத வளைவு வந்துட்டு போல, வாயால அடிக்காவ.